216-ஆம் எண்ணின் முகம்

இதை நான் இதுவரை மூன்று பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். ஒருவர் சிரித்தார். ஒருவர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒருத்தி மட்டும் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, "முதல்ல இருந்து சொல்லுங்க" என்றாள். அவளுக்குச் சொன்னபடியே உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. நேரத்தை எல்லாம் கணினியில் பதிவானபடியே தருகிறேன். என் ஞாபகத்தை நம்பி எதையும் சொல்லவில்லை.

இன்னொன்று. இது நடுராத்திரியில் நடக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம். வெளியே சுள்ளென்று வெயில்.

நான் வேலை பார்ப்பது மறதி நோயை ஆராயும் ஒரு மையத்தில். டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. மூளைப் படங்களைப் பாதுகாப்பதும் பகிர்வதும்தான் என் வேலை. ஸ்கேன் எடுத்ததும் படங்கள் என் கணினிக்கு வரும். பெயரை எடுத்துவிட்டு எண் போடுவேன். பிறந்த தேதி, முகவரி எல்லாவற்றையும் நீக்குவேன். பிறகு அடுக்கி, வேறு நாடுகளில் இதே நோயோடு மல்லுக்கட்டும் மையங்களுக்கு அனுப்புவேன். ஒரே இடத்தில் எடுத்த நூறு படங்களை வைத்துக்கொண்டு ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. ஆயிரக்கணக்கில் வேண்டும்.

இதில் கடைசியாக ஒரு வேலை உண்டு. தலையை ஸ்கேன் எடுத்தால் மூளை மட்டும் வராது. மூக்கு, உதடு, காது, தாடை எல்லாம் சேர்ந்தே வரும். படங்களை அடுக்கித் திருப்பினால் திரையில் ஒரு முகம் எழும்பும். முடியும் நிறமும் இல்லாமல், கண் மூடி, களிமண்ணில் பிடித்து வைத்த மாதிரி. தெரிந்தவர் பார்த்தால் இன்னார் என்று சொல்லிவிடலாம். அதனால் அனுப்புவதற்கு முன் முகத்தை அழிக்க வேண்டும். நெற்றியிலிருந்து தாடை வரை ஒரு மென்பொருள் வழித்து எடுத்துவிடும். மூளைக்கு ஒன்றும் ஆகாது. ஒழுங்காக அழிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் ஒரு ஆள் கண்ணால் பார்த்துச் சரி சொல்ல வேண்டும்.

அந்த ஆள் நான்.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். இருபத்தெட்டு வருஷம் ஒரே தடம். ஐம்பத்து மூன்று வயதில் ஒரு நாள், காலை ஏழேகால் வண்டி, உள்ளே நிற்க இடமில்லாத கூட்டம். தினமும் திரும்புகிற முனையில் பஸ்ஸை நிறுத்திவிட்டார். இடதா வலதா தெரியவில்லை. பின்னால் ஹாரன், உள்ளே கத்தல். ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாராம். கண்டக்டர்தான் எனக்குப் போன் செய்தார்.

ஒன்பது வருஷமாக நான் எந்த நோயின் படங்களை அடுக்கிக்கொண்டிருந்தேனோ, அதே நோய்.

ஆராய்ச்சியில் சேர அவரே கையெழுத்துப் போட்டார். "ஓடாத வண்டி ஆயிட்டேன். பார்ட்ஸாவது நாலு பேருக்கு உதவட்டும்" என்று சொல்லிச் சிரித்தார். டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும்தான்.

வருஷத்துக்கு ஒரு ஸ்கேன். மொத்தம் நான்கு. எங்கள் மையத்தில் இடம் பற்றாது. அதனால் என் மேசை அடித்தளத்தில், ஸ்கேன் மெஷினை இயக்குகிற அறையிலேயே ஒரு மூலையில் கிடக்கிறது. நடுவில் கண்ணாடி. அந்தப் பக்கம் மெஷின். உள்ளே படுத்திருப்பவர் பேசினால் இந்தப் பக்கம் ஒலிபெருக்கியில் கேட்கும். நாம் பொத்தானை அழுத்திப் பேசினால் அவருக்குக் கேட்கும். பெரிய காந்தத்தால் ஓடுகிற மெஷின் அது; அதனால் அதை இயக்குகிற பெண்ணை நாங்கள் 'காந்தம்' என்றுதான் கூப்பிடுவோம். அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

முதல் வருஷம் உள்ளேயிருந்து அவர் கேட்டார்: "ஏம்மா, முடிஞ்சுதா? டீ குடிக்கப் போலாமா?"

நான்காவது வருஷம் கேட்டார்: "சிஸ்டர், முடிஞ்சுதா? வெளிய என் சம்சாரம் காத்துக்கிட்டு இருக்கா."

நான் பொத்தானை அழுத்தி, "ஆச்சு சார்" என்றேன். காந்தம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டில் அவர் அடிக்கடி தன் அம்மாவைக் கேட்பார். "அம்மா எங்க? சத்தத்தையே காணோம்?" ஆரம்பத்தில் நான் உண்மையைச் சொன்னேன். அத்தை போய் பதினாறு வருஷம் ஆச்சுங்க என்று. அவர் அப்போதுதான் சேதி வந்த மாதிரி இடிந்துபோய் அழுவார். பத்து நிமிஷம் கழித்து மறுபடி, "அம்மா எங்க?" ஒரே நாளில் மூன்று தடவை அவருக்கு அந்தச் சாவைக் கொடுத்திருக்கிறேன். கடைசியில் டாக்டர்தான், "உண்மை சொல்றேன்னு அவரைக் கொல்லாதீங்கம்மா. உங்களுக்கு அது பழசு. அவருக்கு ஒவ்வொரு தடவையும் புதுசு" என்றார். அதற்குப் பிறகு, "கடைக்குப் போயிருக்காங்க, வந்துடுவாங்க" என்று சொல்லப் பழகினேன்.

நெஞ்சுச் சளி முற்றி அவர் போனார். பக்கத்தில்தான் இருந்தேன். கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்து அவர் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"நீங்க வீட்டுக்குப் போகலையா சிஸ்டர்? உங்க வீட்ல தேடமாட்டாங்களா?"

அவர் போய்ப் பதினான்கு மாதம் கழித்துத்தான் அந்தச் சனிக்கிழமை வந்தது.

முந்நூற்றுப் பதினெட்டுப் பேரின் படங்கள் திங்கட்கிழமைக்குள் பதினொரு மையங்களுக்குப் போயாக வேண்டும். சொந்தக்காரர் படத்தை நாம் தொடக் கூடாது என்பது விதி. முன்பெல்லாம் அவர் படம் வந்தால் என் உதவியாளர் பார்த்துக்கொள்வார். அந்த உதவியாளர் வேலையை விட்டுப் போய்விட்டார். தலைமை டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "வேற ஆள் இல்லம்மா. உங்களால முடியலன்னா சொல்லுங்க, தேதியைத் தள்ளி வெச்சுக்கலாம்" என்றார். எந்த எண் அவருடையது என்று எனக்குத் தெரியாது. பெயர்ப் பட்டியல் டாக்டரின் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. முடியும் என்று சொல்லிவிட்டேன்.

மத்தியானம் 1.20-க்கு அடித்தளத்துக்கு இறங்கினேன். மேலே வாசலில் காவலாளி மட்டும். அடையாள அட்டை இல்லாமல் எங்கள் அடித்தளத்துக்குள் பேய்கூட நுழைய முடியாது என்று நாங்கள் கிண்டல் செய்வோம். வியாழக்கிழமையிலிருந்து மெஷின் பராமரிப்பில் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருட்டு. மெஷினைக் குளிர்விக்கிற பம்ப் மட்டும் எப்போதும் போல ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கவே நிற்காது.

ச்சிக்… ச்சிக்… ச்சிக்…

ஒவ்வொரு எண்ணாகத் திறந்தேன். முகமில்லாத தலை. சரி. அடுத்தது. முகமில்லாத தலை. சரி. அடுத்தது. உட்கார்ந்து செய்தால் தூக்கம் வருகிற வேலை.

3.07. எண் 216. நான்காவது ஸ்கேன்.

திரையில் முகம் எழும்பியது. அழியவில்லை. நூற்றில் ஒன்று இப்படித் தவறும், அதிசயம் இல்லை. மறுபடி அழிக்கக் கொடுக்கலாம் என்று கையை நகர்த்தினேன். முகம் மெதுவாகத் திரும்பியது.

இடது புருவத்துக்கு மேல் சின்னப் பள்ளம். பஸ் கதவு இடித்தது.

பக்கத்துத் தலையணையில் இருபத்தாறு வருஷம் பார்த்த முகம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த முகத்தைத்தான் என் கையால் அழிக்க வேண்டும். எரித்தபோதுகூட வேறு யாரோதான் செய்தார்கள்.

மென்பொருளை ஓடவிட்டேன். 3.15-க்கு முடிந்தது. திறந்தேன்.

முகம் அப்படியே இருந்தது.

தவறான கோப்பைத் திறந்துவிட்டேனா? பார்த்தேன். இல்லை. சரியான கோப்புதான். நேரம் 3.15 என்றுதான் போட்டிருந்தது. மறுபடி ஓடவிட்டேன். 3.24. திறந்தேன்.

முகம் இருந்தது.

ஆனால் முன்பு உதடு மூடியிருந்தது. இப்போது… லேசாகத் திறந்திருந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டேன். மத்தியானச் சாப்பாடு சாப்பிடவில்லை, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது தடவை ஓடவிட்டேன். 3.33.

உதடு இன்னும் கொஞ்சம் திறந்திருந்தது. பேச வாயெடுத்தவர் மாதிரி.

"கொஞ்சம் இருங்க…" என்று என் வாயில் தானாக வந்தது.

சொன்ன பிறகுதான் உறைத்தது. யாரிடம் சொன்னேன்?

பம்ப் சத்தம் மட்டும்.

ச்சிக்… ச்சிக்…

3.52.

"கர்ர்ர்…"

மேசை மேல் இருந்த ஒலிபெருக்கி. சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. உள்ளேயிருந்து யாராவது பேசினால்தான் அது எரியும்.

முதலில் மூச்சு. குறுகலான இடத்தில் படுத்திருப்பவரின் மூச்சு.

பிறகு…

"சிஸ்டர்…"

நான் எழுந்திருக்கவில்லை.

"சிஸ்டர்… முடிஞ்சுதா?"

கண்ணாடியைப் பார்த்தேன். இருட்டு. என் முகம்தான் தெரிந்தது. அதற்குப் பின்னால் மெஷினின் வட்ட வாய். அவ்வளவுதான்.

ஓடியிருக்க வேண்டும். நீங்களாக இருந்தால் ஓடியிருப்பீர்கள். ஆனால் அந்தக் குரல்… பதினான்கு மாதமாக அந்தக் குரலை மறந்துவிடுவேனோ என்று பயந்துகொண்டிருந்தவள் நான்.

விரல் பொத்தானை அழுத்தியது.

"யாரு?"

"என்ன சிஸ்டர், கிண்டலா? நான்தான். சீக்கிரம் விடுங்க. வெளிய என் சம்சாரம் காத்துக்கிட்டு இருக்கா."

"நான்தாங்க… நான்தான் உங்க…"

"குளிருது சிஸ்டர்."

அவரிடம் பொய் சொல்ல அப்போது மனசு வரவில்லை. செத்துப்போனவரிடம்கூடப் பொய் சொல்ல வேண்டுமா?

3.58-க்குச் சொன்னேன். "நீங்க போயிட்டீங்க. போன வருஷமே. ஆஸ்பத்திரியில. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

ஒலிபெருக்கி அமைதியானது. பச்சை விளக்கு அணையவில்லை.

பிறகு அழுகை கேட்டது. சத்தம் போட்டு இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற ஆம்பிளையின் அழுகை.

"அய்யோ… அவகிட்ட யாரு சொல்லுவா? தாங்கமாட்டாளே அவ…"

நான் மேசையில் தலையை வைத்துக்கொண்டேன்.

விளக்கு அணைந்தது.

போய்விட்டார் என்று நினைத்தேன். எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தேனோ.

4.06.

"கர்ர்ர்…"

"சிஸ்டர்… முடிஞ்சுதா?"

அதே குரல். அதே பொறுமை. எதுவும் நடக்காத மாதிரி.

"வெளிய என் சம்சாரம் காத்துக்கிட்டு இருக்கா."

மறந்துவிட்டார்.

தான் செத்ததை மறந்துவிட்டார்.

மறுபடி சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. இந்தத் தடவையாவது என்னைத் தெரியும் என்று ஒரு நப்பாசை. "என்னங்க, நான்தாங்க, நல்லாக் கேளுங்க" என்று கெஞ்சினேன்.

மறுபடி அந்த அமைதி. மறுபடி அதே அழுகை, முதல் தடவை போலவே. "அவகிட்ட யாரு சொல்லுவா?"

விளக்கு அணைந்தது.

4.15.

"சிஸ்டர்…"

நான் கண்ணைத் துடைத்தேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். பொத்தானை அழுத்தினேன்.

"சொல்லுங்க சார்."

"முடிஞ்சுதா?"

"இன்னும் கொஞ்ச நேரம்தான் சார். அசையாம படுத்திருங்க. படம் நல்லா வந்துட்டிருக்கு."

"சரி சிஸ்டர். அவகிட்ட லேட் ஆகும்னு சொல்லிடுங்க. நான் வராம சாப்பிடமாட்டா."

"சொல்லிடறேன்."

"சாப்பிடச் சொல்லுங்க."

"…சரி."

"நல்லா இருங்க சிஸ்டர்."

விளக்கு அணைந்தது. நான் நான்காவது தடவையாக மென்பொருளை ஓடவிட்டேன். 4.26. திறந்தேன்.

முகம் இல்லை.

நெற்றி முதல் தாடை வரை வழித்துவிட்ட மாதிரி வழவழவென்று இருந்தது. புருவப் பள்ளமும் போய்விட்டது. அந்த வெறுமையைப் பார்த்தபோதுதான் நான் வாய்விட்டு அழுதேன். மேலே காவலாளிக்குக் கேட்டிருக்கும். அவர் இறங்கி வரவில்லை. பிறகு கேட்டபோது, "ஏதோ போன்ல பேசிட்டு இருக்கீங்கன்னு நெனச்சேன்மா. ரெண்டு குரல் கேட்டுதே" என்றார்.

அனுப்பும் பட்டியல் திறந்தே இருந்தது. 216-க்குப் பக்கத்தில் ஒரு கட்டம். அதில் உள்ள குறியை எடுத்துவிட்டால் அவர் இங்கேயே இருப்பார். என்னோடு. எடுத்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், மறைக்கமாட்டேன். ஆனால் ஆளில்லாத சனி, ஞாயிறுகளில், விளக்கு அணைத்த பிறகு, அந்தக் குழாய்க்குள் குளிரில் படுத்துக்கொண்டு முடிஞ்சுதா முடிஞ்சுதா என்று கேட்டுக்கொண்டே கிடப்பாரா? நாலு பேருக்கு உதவட்டும் என்று அவரே கையெழுத்துப் போட்டதுதானே. வெளியே போகட்டும். ஒரு குழாயிலிருந்து அவரை நானே கைப்பிடித்து இறக்கிவிடுவது மாதிரி இருந்தது எனக்கு.

குறியை எடுக்கவில்லை. அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். 5.48-க்கு முழுதும் போய்ச் சேர்ந்ததாகச் செய்தி வந்தது. ஏழு மணிவரை உட்கார்ந்திருந்தேன். ஒலிபெருக்கி பேசவில்லை. வீட்டுக்குப் போனதும், பல மாதங்களுக்குப் பிறகு, உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காந்தத்திடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து முதலிலிருந்து கேட்டவள் அவள்தான். கேட்டு முடித்ததும் என் கையைப் பிடித்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போனாள். மெஷினின் வட்ட வாய்க்குள் விளக்கு அடித்துக் காட்டினாள். ஒலிவாங்கி இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. இரண்டு ஒயர் நுனிகள், கறுப்பு டேப் சுற்றித் தொங்கின.

"வியாழக்கிழமையே கழட்டி ரிப்பேருக்கு அனுப்பிட்டாங்க" என்றாள். "இன்னும் வரல."

அதற்குப் பிறகு அடித்தளத்தில் எதுவும் கேட்கவில்லை. அவருக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டோம். காந்தம்கூட ஒருநாள், "நீங்க அனுப்பி வெச்சதுதான் சரி" என்றாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு மெயில் வந்தது. கடல் தாண்டி எங்கோ இருக்கிற ஒரு மையம். அங்கே நான் செய்கிற அதே வேலையைச் செய்கிற ஒருவர், நான் பார்த்தே இராதவர், மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார். உங்கள் படத் தொகுப்பைத் திறந்த மறுநாளிலிருந்து எங்கள் ஸ்கேன் அறை ஒலிபெருக்கியில் ஒரு ஆணின் குரல் வருகிறது; மெஷினுக்குள் ஆள் இல்லாதபோது மட்டும் வருகிறது; மொழி எங்களுக்குப் புரியவில்லை, ஒருவேளை உங்கள் மொழியோ; அவர் என்ன சொல்கிறார் என்று சொல்ல முடியுமா; ஏதோ கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பது போல இருக்கிறது.

அந்த வாரமே இரண்டாவது மையத்திலிருந்து மெயில். அடுத்த வாரம் மூன்றாவது.

தலைமை டாக்டரிடம் ஓடினேன். 216-ஐத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். காரணம் சொல்ல முடியவில்லை. அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "போனது போனதுதாம்மா. பதினொரு இடம்னு நாமதான் சொல்றோம். அங்கேருந்து இன்னும் யார் யாரு எடுத்தாங்களோ." பதிவிறக்கக் கணக்கில் தேடிப் பார்த்தேன். அன்று வரை அறுபத்து மூன்று பிரதிகள்.

மூன்று மையங்களும் ஒலிப்பதிவு அனுப்பியிருந்தன. முதல் இரண்டில் எனக்குத் தெரிந்த அதே கேள்வி. அந்தப் பக்கம் யாரோ அவர்கள் மொழியில் ஏதோ பதில் சொல்கிறார்கள். இவர் மறுபடி கேட்கிறார்.

மூன்றாவது பதிவு பதினான்கு நொடி. காந்தமும் நானும் சேர்ந்துதான் கேட்டோம். முதல் ஆறு நொடி மூச்சு மட்டும். அப்புறம் அவர் குரல். மெதுவாக. தெரியாத இடத்தில் இறங்கிவிட்ட ஆள், போகிறவர் வருகிறவரைத் தொந்தரவு செய்கிறோமே என்று கூசிக் கூசிக் கேட்பது மாதிரி…

"இங்க… யாருக்காவது தமிழ் தெரியுமா?"